அபாத்திரம்

மாரிச்செல்வியின் ஆள்காட்டி விரலை அவள் புருஷன் யோவான் நசுக்கியது ஒரே ஒரு எழுத்துக்காக. ‘எலியா’ என்று சொல்ல வேண்டிய இடத்தில் அவன் ‘எலிசா’ என்று சொல்லிவிட்டான். அவள் திருத்தினாள். நடந்தது அவ்வளவுதான்.

வியாழக்கிழமை சாயங்காலம் கிருபாபுரத்தில் வீட்டு ஜெபக்கூட்டம். கிருபாபுரம் ராஜபாளையத்தை ஒட்டித் தறிச்செட்டுகளுக்குப் பின்னால் கிடக்கிற காலனி. பேண்டேஜ் துணி நெய்கிற பெண்களும், குடோனில் பஞ்சுப் பொதி சுமக்கிற ஆண்களும் குடியிருக்கிற இடம். வேதக்கோயில் ஒன்று உண்டு, ஐயர் கிடையாது. குருவானவரை அங்கே ஐயர் என்றுதான் சொல்வார்கள். அவர் இருப்பது ஸ்ரீவில்லிபுத்தூரில். மாதத்தின் முதல் ஞாயிறு வந்து அப்பமும் திராட்சரசமுமாய் இராப்போஜனம் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். மற்ற ஞாயிறுகளில் ஆராதனை நடத்த ஓர் ஊழியர் வேண்டும். அந்த வேலைக்குத்தான் யோவானைப் பிடித்து வைத்திருந்தார்கள். பன்னிரண்டாவது வரை படித்தவன், நல்ல குரல், கமிட்டி மூப்பர் சாலமோனுக்கு உடன்பிறந்த தம்பி. வேறென்ன வேண்டும்?

கூட்டத்தில் அவன் பிரசங்கம் பண்ணினான். பஞ்ச காலத்தில் தீர்க்கதரிசி எலிசாவுக்குக் காகம் தீனி கொண்டுவந்து கொடுத்தது என்று கையை வீசிச் சொன்னான். பெண்கள் பாயில் உட்கார்ந்து வேதப்புத்தகத்தில் விரல் வைத்து வரி வரியாய் ஓட்டிக்கொண்டிருந்த மாரிச்செல்வி, “எலியாவுக்குல்லா காக்கா கொண்டாந்துச்சு?” என்றாள். ஞானஸ்நானம் எடுத்து ஒரு வருஷம் ஆகவில்லை அவளுக்கு. மார்த்தாள் என்று வைத்த பெயரைச் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. புதிதாய்ப் படித்த பாடம், மனசில் ஈரம் காயாமல் இருந்தது, வாயில் வந்துவிட்டது.

கட்டட வேலைக்குச் சித்தாளாய்ப் போகிற வெள்ளத்தாய்க்குச் சிரிப்பை அடக்கத் தெரியாது. “காக்காவுக்கே ஆளு அடையாளம் தெரிஞ்சிருக்கு யோவானே, ஒனக்குத் தெரியலயே!” என்றாள். கூட்டம் மொத்தமும் குலுங்கியது.

யோவானும் சிரித்தான். வீட்டுக்குள் வந்து தாழ்ப்பாள் போடும்வரை சிரித்த முகமாய்த்தான் இருந்தான்.

“எந்த வெரல வச்சிட்டீ படிச்ச?”

விளையாட்டு என்று நினைத்து அவள் விரலைக் காட்டினாள். அதைப் பிடித்து உள்கதவுக்கும் நிலைக்கும் நடுவில் வைத்துக் கதவைக் காலால் உதைத்துச் சாத்தினான். அவள் போட்ட சத்தம் தறிச் சத்தத்தில் அமுங்கிப் போயிற்று. “பக்கத்து வெரலு மட்டும் சும்மாவா இருந்துச்சு?” என்று நடுவிரலையும் வைத்தான்.

விடிந்தபோது அவள் வீட்டில் இல்லை. கான்சாபுரத்தில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

ஓடிப்போன பெண்களைத் திரும்பக் கூட்டி வருவது கிருபாபுரத்தில் ஜெபக்கனியின் வேலை. ஜெபக்கனி சாலமோனின் மனைவி, பெண்கள் சங்கத்துத் தலைவி. தலைவி என்றால் கோயிலைக் கூட்டுவது, பீடத்து விரிப்பை வெளுப்பது, அசன விருந்துக்கு வெங்காயம் உரிக்க ஆள் சேர்ப்பது. பீடத்துக்கு முன்னால் இருக்கிற மரக்கிராதியைத் தாண்டித் துடைப்பத்தோடு போகலாம், வேதப்புத்தகத்தோடு போகக் கூடாது. இதையெல்லாம்விடப் பெரிய வேலை ஒன்று உண்டு. அதற்குப் பெயர் ஒப்புரவு.

சண்டை போட்டுப் பிரிந்த புருஷன் பெண்டாட்டி இராப்போஜனம் எடுக்கக் கூடாது. எடுத்தால் அது அபாத்திரம். தகுதியில்லாமல் எடுப்பதற்குச் சபையில் சொல்கிற வார்த்தை அது. அப்படி எடுத்தவன் தலையில் ஆக்கினை வந்து விழும் என்று பயம். அதனால் முதல் ஞாயிறன்று அந்தப் பெண் சபைக்கு முன்னால் நின்று புருஷனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். சங்கத் தலைவி அவள் வலது கையைப் பிடித்துப் புருஷன் கையில் கொடுக்க வேண்டும். புருஷன் மன்னிப்புக் கேட்கிற வழக்கம் இல்லை. அவன் கையை நீட்டினால் போதும்.

ஜெபக்கனி இதில் கெட்டிக்காரி. எவ்வளவு முறுக்கிக்கொண்டு போனவளையும் பேசிப் பேசிக் கரைத்துக் கூட்டி வந்துவிடுவாள். முனீஸ்வரியை அப்படித்தான் கூட்டி வந்து கொடுத்தாள். கொடுத்த ஆறாம் மாதம் முனீஸ்வரிக்கு இடது காது செவிடாயிற்று. இப்போதும் கோயிலில் வலது காதைப் பீடத்துப் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு கோணலாய்த்தான் உட்காருவாள். அவளைப் பார்க்க நேரும்போதெல்லாம் ஜெபக்கனி பாட்டுப் புத்தகத்தைப் பார்ப்பாள்.

சாலமோனும் அடிக்கிறவன்தான். பொதி தூக்கிக் காய்ச்சுப்போன கை. ஆனால் முதுகில்தான் அடிப்பான். முகத்தில் அடித்தால் சங்கத் தலைவி எப்படிச் சபைக்கு வருவாள்? அந்த மட்டும் மரியாதை தெரிந்தவன்.

சனிக்கிழமை காலையில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சொன்னான். “பத்து மணி பஸ்ஸப் பிடி. பொழுது அடையுறதுக்குள்ள அவளோட வந்து சேரு. நாளைக்கு எந்தம்பிய ஊழியராப் பிரதிஷ்டை பண்ணுறாவ. பொண்டாட்டி ஓடுனவன ஊழியர்னு எவன் ஒத்துக்கிடுவான்?”

“ரெண்டு வெரலு நசுங்கியிருக்காம்லா?”

“ஒனக்கு வெரல எண்ணுற வேலையா குடுத்திருக்கு? கூட்டிட்டு வாட்டி.”

ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கி வத்திராயிருப்பு பஸ் ஏறினாள். கிருஷ்ணன்கோவில் வரைக்கும் காலேஜ் பிள்ளைகள் நெரித்துக்கொண்டு நின்றார்கள். அதற்கப்புறம் பஸ் காலி. வழி நெடுக மனசுக்குள் பேச்சை ஓட்டிப் பார்த்துக்கொண்டே போனாள். முதலில் அழவிட வேண்டும், பொறவு தண்ணீர் கொடுக்க வேண்டும், பொறவு அவன் நல்லவன்தான், கோபம் மட்டும்தான் என்று தொடங்க வேண்டும்.

மாரிச்செல்வியின் அம்மா சுடலையம்மாள் களை வெட்டப் போய்விட்டு அப்போதுதான் வந்து காலில் சேற்றைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

“வாங்க தாயி. ஒங்க ஆளுவ யாராச்சும் வருவாவன்னு தெரியும். அவ புருஷன் கிருஷன்னு ஆம்பளைக வந்தா வெளக்குமாத்த எடுக்கணும்னு இருந்தேன்.”

“ஐயரே வந்து கேட்டா?” என்றாள் ஜெபக்கனி.

சுடலையம்மாள் செம்பைக் கீழே வைத்தாள். “சாமியாரு வீடு தேடி வந்து கேட்டா நா எப்படித் தாயி மாட்டேங்கது? ஊரு காறித் துப்பாதா?”

மாரிச்செல்வி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். காய்ச்சலில் முகம் பழுத்துக் கிடந்தது. ஆஸ்பத்திரியில் கதவு நசுக்கிவிட்டது என்று சொல்லிக் கட்டுப் போட்டு வந்திருக்கிறாள். சொன்னதில் பொய்யும் இல்லை.

ஜெபக்கனி பக்கத்தில் உட்கார்ந்து பழக்கத்தில் கையை நீட்டினாள். எந்தப் பெண்ணிடமும் முதலில் வலது கையைப் பிடித்துக்கொண்டுதான் பேச்சைத் தொடங்குவாள். மாரிச்செல்வி வலது கையைத் தூக்கிக் காட்டினாள். இரண்டு விரல்களும் சேர்த்துக் கட்டியதில் கை மண்வெட்டி மாதிரி இருந்தது. கட்டின் நுனியில் மஞ்சளாய் நீர் கசிந்திருந்தது.

“இதத்தான் அக்கா பிடிச்சுக் குடுக்கப் போறியளா?”

“வேண்டாம். இடது கையப் பிடிச்சுக்கிடுவோம்” என்றாள் ஜெபக்கனி.

சொன்ன பிறகுதான் சொன்னது அவள் காதில் விழுந்தது. அடுப்படியில் தண்ணீர் மொண்டுகொண்டிருந்த சுடலையம்மாள் அப்படியே நின்றாள்.

மாரிச்செல்வி கோபப்படவில்லை. சாதாரணமாய்க் கேட்டாள். “அதுவும் போயிட்டுன்னா அடுத்த மாசம் எதப் பிடிப்பிய?”

ஜெபக்கனி நீட்டிய கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

“கதவச் சாத்திட்டு என்ன சொன்னான் தெரியுமாக்கா? நா ஊழியராயிட்டா நீ ஊழியர் பொண்டாட்டி, சபையில நீ வாயத் தொறந்தா எனக்குத்தான் அசிங்கம், அதனால நாக்கயே எடுத்துருதேன்னான். துணி வெட்டுற கத்தியத் தலமாட்டுல வச்சிட்டுத்தான் படுத்தான். நா வந்தேன்னா செத்துருவேன்க்கா. சத்தியமாச் செத்துருவேன்.”

தண்ணீர் கொடுக்கவும் இல்லை, அவன் நல்லவன் என்று சொல்லவும் இல்லை. ஜெபக்கனி எழுந்தாள். “நீ இங்கனயே இரு” என்றாள். வாசல்வரை வந்த சுடலையம்மாள், “நீங்க விட்டுட்டுப் போறிய. நாளைக்கு அந்தச் சாமியாரு வந்து நின்னா நா என்ன செய்ய?” என்று கேட்டாள்.

“வராமப் பாத்துக்கிடுதேன்” என்றாள் ஜெபக்கனி. எப்படி என்று அவளுக்கே தெரியாது.

திரும்பும்போது ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கி ஐயர் வீட்டுக்குப் போனாள். எபனேசர் ஐயருக்கு வயது முப்பதுக்குள்தான் இருக்கும். யாரையும் கடிந்து பேசத் தெரியாதவர். அதனாலேயே கிருபாபுரத்து மூப்பர்கள் சொன்னதற்கெல்லாம் தலையை ஆட்டுகிறவர்.

“வரலையாம்மா?”

“அவ வரல. நானும் கூட்டிட்டு வரல.”

ஐயர் பேனாவை மூடி வைத்தார். “நாளைக்கு யோவான் இராப்போஜனம் எடுத்தவுடனே பிரதிஷ்டைம்மா. மேலிடத்துல உத்தரவு வந்தாச்சு. வீட்ட ஆளத் தெரியாதவன் சபைய எப்படி ஆளுவான்னு ஒருத்தர் கேட்டாக்கூட எனக்குத்தான் தலைகுனிவு. ஆராதனை முடிஞ்சதும் வேன்ல நானே யோவான், மூப்பர்கூடக் கான்சாபுரம் போறேன். ஊழியரோட மனைவி, நான் போய்க் கூப்பிட்டா அந்தம்மா அனுப்பிருவாங்க. பக்குவமாப் பேசிக்கிடலாம்.”

“சண்டையில இருக்கவ எடுத்தா அபாத்திரம். அடிச்சவன் எடுத்தா அது என்னது ஐயரே?”

“அவன் மனஸ்தாபப்பட்டு மன்னிப்புக் கேட்டுட்டாம்மா.”

“யாருகிட்ட?”

“ஆண்டவர்கிட்ட.”

“வெரலு ஆண்டவருதா?”

ஐயர் மூடி வைத்த பேனாவை எடுத்து மறுபடி திறந்தார். அவள் வீடு வந்து சேர்வதற்குள் சாலமோனுக்குப் போன் போய்விட்டது. கெட்ட எண்ணத்தில் பேசியிருக்க மாட்டார். பயந்த மனுஷன், முந்திக்கொண்டு சொல்லியிருப்பார்.

சாலமோன் வாசலிலேயே பிடித்துக்கொண்டான். கூந்தலைச் சுருட்டிப் பிடித்து உள்ளே இழுத்து, முகத்தில் குத்தினான். முதல் குத்தில் உதடு கிழிந்தது. இரண்டாவதில் பல் ஒன்று நாக்கில் வந்து கிடந்தது. “சங்கத் தலைவி! சங்கத் தலைவி!” என்று ஒவ்வொரு குத்துக்கும் சொன்னான். பொதி ஏற்றும்போது போடுகிற அதே தாளத்தில் சொன்னான். அவள் கையை உயர்த்தித் தடுத்தாள், கையை முறுக்கித் தள்ளினான். கீழே விழுந்த பிறகு விலாவில் மிதித்தான். அடி விழ விழ அவளுக்கு ஒன்று மட்டும் தெளிவாய் ஓடிற்று. முகத்தில் அடிக்கிறான். அப்படியானால் இனி நான் தலைவி இல்லை.

“நாளைக்குக் கோயில் பக்கம் ஒந்தல தெரியக் கூடாது. இந்த மூஞ்சிய ஒருத்தனும் பாக்கக் கூடாது” என்று சொல்லிவிட்டுக் கையைக் கழுவப் போனான்.

ஞாயிற்றுக்கிழமை முதல் பாட்டு முடிகிற நேரத்தில் அவள் கோயிலுக்குள் வந்தாள். வெள்ளைச் சேலை. முக்காடு போடவில்லை. பெண்கள் பக்கத்துப் பாயில் பாட்டு அப்படியே நின்றுபோயிற்று, ஆண்கள் பக்கம் மட்டும் பாடிக்கொண்டிருந்தது. இடது கண் மூடிக் கிடந்தது, உதடு இரண்டு மடங்காய்த் தடித்திருந்தது.

“ஏட்டி, என்னட்டி இது?” என்றாள் வெள்ளத்தாய்.

“சாலமோன்” என்றாள் ஜெபக்கனி.

பாயில் ஒரு சலசலப்பு. அந்தக் காலனியில் புருஷனை ‘அவிய’ என்பார்களே தவிர எவளும் பெயரைச் சொன்னதில்லை. முனீஸ்வரி நல்ல காதைத் திருப்பிக்கொண்டு, “என்ன சொன்னா, என்ன சொன்னா?” என்று பக்கத்திலிருந்தவளை இடித்தாள்.

முன் வரிசையில் சாலமோன் கழுத்தில் மடிப்புக் கலையாத துண்டோடு இருந்தான். திரும்பிப் பார்த்தவன் முகம் இருண்டது. ஆராதனை நடுவில் எழுந்து வர மூப்பரால் முடியாது. பக்கத்தில் யோவான் வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி. கோயிலுக்கு வெளியே வேன் வந்து நிற்பது சன்னல் வழியே தெரிந்தது.

இராப்போஜனத்துக்கு ஐயர் அழைத்தார். எப்போதும் ஆண்கள் முதலில் போய்க் கிராதியில் முழங்கால் போடுவார்கள். அவர்கள் எடுத்து முடித்துத் திரும்பி உட்கார்ந்த பிறகுதான் பெண்கள் எழுந்திருக்க வேண்டும். பாத்திரம் ஒன்றுதான். வெள்ளி முலாம் போட்டது. ஆண்கள் வாய் வைத்த பாத்திரம்தான் பெண்களுக்கு வரும். மிச்சம் இருந்தால் ஐயர் குடித்துத் தீர்க்க வேண்டும், கொட்டக் கூடாது, கீழே வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கவும் கூடாது.

ஆண்கள் எழுந்திருக்கும் முன்பே ஜெபக்கனி எழுந்தாள். விலாவைப் பிடித்துக்கொண்டு நடுவழியில் நடந்து போய்க் கிராதியின் இடது ஓரத்தில், மூப்பர் முழங்கால் போடுகிற இடத்தில், முழங்கால் போட்டாள்.

சாலமோன் ஒரே எட்டில் வந்து பக்கத்தில் முழங்கால் போட்டான். பார்க்கிறவர்களுக்குப் பக்தி மாதிரி இருந்திருக்கும். அவள் இடுப்புச் சதையைத் திருகிப் பிடித்துக்கொண்டு, உதடு அசையாமல், “எந்திச்சுப் போயிரு. வீட்டுக்கு வா, கொன்னு பொதைக்கேன்” என்றான். அவனுக்கு அடுத்து யோவான். அதற்கடுத்து மற்றவர்கள்.

ஐயர் அப்பத்தோடு வந்து அவளுக்கு முன்னால் நின்றார். அவர் தயங்கியது தெரிந்தது. அவள் கையை நீட்டியபடியே இருந்தாள். கிராதியில் முழங்கால் போட்டவளுக்கு இல்லையென்று சொல்ல வேண்டுமானால் ஒரு காரணத்தைச் சபை கேட்கச் சொல்ல வேண்டும். அந்தக் காரணம் அவள் முகத்திலேயே இருந்தது. கொடுத்துவிட்டார்.

பிறகு, ‘ஆண்டவருடைய இரத்தம்’ என்று ஐயர் சொல்ல, பாத்திரம் வந்தது. அவள் இரண்டு கையாலும் பிடித்து வாயில் வைத்தாள். திராட்சரசம் பட்டதும் உதடு தீயாய் எரிந்தது. காய்ந்திருந்த வெடிப்பு திறந்துகொண்டது. பாத்திரத்தைத் திருப்பிக் கொடுத்தபோது விளிம்பில் இரத்தம் திட்டாய் ஒட்டியிருந்தது. ஐயர் வெள்ளைத் துணியால் துடைத்தார். துணி சிவந்தது, விளிம்பில் ஈஷிக்கொண்டு இன்னும் கொஞ்சம் பரவியது. மறுபடி துடைத்தார். அவள் உதட்டிலிருந்து சொட்டு தாடையில் இறங்கிக்கொண்டிருந்தது.

பாத்திரம் சாலமோன் முன்னால் போயிற்று. அவன் வாயை இறுக மூடிக்கொண்டு தலையை ஆட்டினான். யோவான் முன்னால் போயிற்று.

யோவான் விளிம்பையே பார்த்தான். “வேற தம்ளர்ல தாங்க ஐயரே.”

“பாத்திரம் ஒண்ணுதான் யோவான்.”

“இவ ரத்தத்தக் குடிக்கச் சொல்லுதீரா?”

கோயில் முழுக்கக் கேட்டது. பெண்கள் பக்கமிருந்து வெள்ளத்தாய் குரல் வந்தது. “ரத்தம்னு சொல்லித்தானல மாசாமாசம் குடிக்கிய? இன்னைக்கு என்ன புதுசா அருவருப்பு?”

அதற்குமேல் சாலமோனால் தாங்க முடியவில்லை. “அபாத்திரம்! அபாத்திரம் பண்ணிட்டா, தேவடியா!” என்று கத்திக்கொண்டு ஜெபக்கனியின் கொண்டையைப் பிடித்து முகத்தைக் கிராதியில் மோதினான். மரம் அதிர்ந்தது. மறுபடி மோதினான். இன்னொரு பல் போயிற்று. மூக்கில் ஏதோ முறிகிற சத்தம் அவள் தலைக்குள்ளேயே கேட்டது. கீழே சரிந்தவளுக்கு ஐயரின் கால் செருப்பும், அங்கியின் ஓரமும், அதற்கு மேலே பாத்திரத்தைப் பிடித்திருந்த இரண்டு கைகளும் தெரிந்தன. விரல் கணுக்கள் வெளுத்திருந்தன. “சாலமோன்... சாலமோன்...” என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். ஒரு கையை எடுத்து அவனைத் தள்ளியிருக்கலாம். சிந்திவிடுமே என்று நின்றார். கண்ணெதிரே ஒருத்தி இரத்தம் சிந்திக்கொண்டிருந்தாள், அவர் பாத்திரம் சிந்தாமல் பார்த்துக்கொண்டார்.

வெள்ளத்தாய் பாயிலிருந்து எழுந்து ஓடி வந்தாள். சிமெண்டுச் சட்டி தூக்கி உரமேறின கை. சாலமோனின் கழுத்துத் துண்டை இரண்டு பக்கமும் பிடித்து முறுக்கிப் பின்னால் இழுத்தாள். அவன் கொண்டையை விட்டுவிட்டுத் துண்டைப் பிடித்துக்கொண்டான், கண் பிதுங்கியது. யோவான் எழுந்து வெள்ளத்தாயின் வயிற்றில் உதைத்தான். அவள் மடங்கினாள், துண்டை மட்டும் விடவில்லை. யோவான் மறுபடி காலைத் தூக்கியபோது பித்தளைக் காணிக்கைத் தட்டு அவன் மூக்கில் வந்து விழுந்தது. சில்லறை தரையெல்லாம் சிதறி ஓடிற்று. தட்டைப் பிடித்திருந்தது முனீஸ்வரி.

“என்னட்டி...” என்று அவன் தொடங்க, “சத்தமாச் சொல்லு, எனக்குக் காது கேக்காது” என்று சொல்லி இன்னொரு தடவை அடித்தாள்.

ஆண்கள் பக்கம் மொத்தமும் எழுந்து நின்றது. கைகலப்பு ஆகுமென்றுதான் தோன்றியது. ஆனால் மூப்பனின் கழுத்தில் துண்டு இறுகி நாக்குத் தள்ளிக் கிடப்பதைப் பார்த்ததும் எவனும் கிட்டே வரவில்லை. “தீட்டுப்பட்ட பாத்திரம். நாங்க எடுக்க மாட்டோம். வாங்கலே போவோம்” என்று ஒருவன் சொன்னான். அது சௌகரியமாய்ப் போயிற்று. ஒவ்வொருவராய் வெளியேறினார்கள். சில பெண்களும் புருஷன் கண் காட்டியதும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனார்கள். சிலர் தலை குனிந்து பாயிலேயே இருந்தார்கள். வெள்ளத்தாய் துண்டை விட்டதும் சாலமோனை இரண்டு பேர் கைத்தாங்கலாய் இழுத்துப் போனார்கள். போகும்போது அவன் ஜெபக்கனியைப் பார்த்து ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். இருமல்தான் வந்தது.

கோயிலுக்குள் பாதி ஆள் இல்லை. ஐயர் இன்னும் பாத்திரத்தைப் பிடித்தபடியே நின்றார்.

வெள்ளத்தாய் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஆண்கள் முழங்கால் போடுகிற இடத்தில் முழங்கால் போட்டாள். மூச்சு வாங்கியது. “எனக்குத் தாங்க.”

கொடுத்தார். விளிம்பைத் துடைக்கவில்லை. வெள்ளத்தாய் ஒரு வாய் நிறையக் குடித்தாள். அடுத்து முனீஸ்வரி. பிறகு பாயிலிருந்து ஒவ்வொருத்தியாய் வந்தார்கள். ஒருத்தி முந்தானையால் விளிம்பைத் துடைத்துவிட்டுக் குடித்தாள், ஒருத்தி கண்ணை மூடிக்கொண்டு குடித்தாள், ஒருத்தி கிட்டே வந்து பார்த்துவிட்டுக் குடிக்காமல் திரும்பிப் போனாள். ஐயர் ஒவ்வொருத்திக்கும் கொடுத்தார். கடைசிப் பெண் பாத்திரத்தைக் கவிழ்த்துக் குடித்தபோது அதில் ஒரு சொட்டு மிச்சம் இல்லை.

அப்போதுதான் யோவானுக்கு உறைத்திருக்க வேண்டும். மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு வாசலிலிருந்து ஓடி வந்து முழங்கால் போட்டான். வெள்ளைச் சட்டை மார்பெல்லாம் சிவப்பாய் இருந்தது.

“தாங்க ஐயரே. குடிக்கேன்.”

ஐயர் பாத்திரத்தைச் சாய்த்துக் காட்டினார்.

“உள்ள பாட்டில் இருக்குல்லா?”

“இருக்கு.”

“ஜெபம் பண்ணி ஊத்துங்க. நா எடுக்காம எப்படிப் பிரதிஷ்டை?”

பாட்டில் இருக்கிற அலமாரி நாலு எட்டில் இருந்தது. இன்னொரு ஜெபம் சொல்லி இன்னும் கொஞ்சம் ஊற்ற முறையும் உண்டு. கிராதிக்குக் கீழே சரிந்து உட்கார்ந்திருந்த ஜெபக்கனி திறந்திருந்த ஒற்றைக் கண்ணால் அவர் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்த்தாள். கால் நகரவில்லை.

“இன்னைக்கு இல்ல யோவான்.”

“வேன் நிக்கி ஐயரே.”

“அனுப்பிரு. நான் கான்சாபுரம் வரல.”

“அண்ணங்கிட்ட என்ன சொல்ல?”

“நான் வரலைன்னு சொல்லு.” வெட்கத்தில் சொன்னாரா, பெண்களுக்குப் பயந்து சொன்னாரா, ஜெபக்கனிக்குத் தெரியவில்லை. எதுவாய் இருந்தால் என்ன? யோவான் கொஞ்ச நேரம் முழங்காலிலேயே இருந்தான். பிறகு எழுந்து, அவளைத் தாண்டிப் போகும்போது, “மதினி, மாசாமாசம் மொத ஞாயிறு வரத்தான செய்யும்?” என்று மெதுவாய்ச் சொல்லிவிட்டுப் போனான்.

வெள்ளத்தாயும் முனீஸ்வரியும் அவளைப் பீடத்துக்குப் பின்னால் இருக்கிற கதவு வழியாய், கிராதியைத் தாண்டி, வெளியே கொண்டுவந்தார்கள். வாசல் பக்கம் சாலமோனின் ஆட்கள் நின்றார்கள். முனீஸ்வரி திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு முன்னால் நடந்தாள். தறிச்செட்டுச் சந்து வழியே மெயின்ரோட்டுக்கு வந்தார்கள்.

“வீட்டுக்குப் போகப் போறியாட்டி?” என்றாள் வெள்ளத்தாய்.

ஜெபக்கனி இல்லையென்று தலையை ஆட்டினாள். ஆட்டியதில் மூக்கிலிருந்து மறுபடி வழிந்தது. இடுப்பிலிருந்த போனை எடுத்து மாரிச்செல்வியின் எண்ணைக் காட்டினாள். வெள்ளத்தாய் அதைப் போட்டு அவள் காதில் வைத்தாள்.

“யாரு?” என்றது மாரிச்செல்வியின் குரல். பின்னால் சுடலையம்மாள், “வந்துட்டாவளா? வேன் வந்துட்டா?” என்று கேட்பதும் கேட்டது.

‘வரமாட்டாவ’ என்று சொல்லத்தான் ஜெபக்கனி வாயைத் திறந்தாள். உதடு இரண்டும் ஒட்டவில்லை. வ-வும் வரவில்லை, ம-வும் வரவில்லை. காற்றும் இரத்தமும்தான் வந்தது.

“யாரு பேசுறது? யோவானா? நா வர மாட்டேன், செத்தாலும் வர மாட்டேன்!”

“ஏட்டி, அக்காதான் பேசுதா” என்று வெள்ளத்தாய் போனுக்குப் பக்கத்தில் வாயை வைத்துக் கத்தினாள். “ஐயரு வரலையாம். இன்னைக்கு ஒருத்தனும் வரல. கேக்குதா?”

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம். பிறகு, “அப்ப அடுத்த மாசம்?” என்றாள் மாரிச்செல்வி.

வெள்ளத்தாய் ஜெபக்கனியைப் பார்த்தாள். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் வந்து நின்றது. கண்டக்டர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, “எம்மா, ஆஸ்பத்திரியா, போலீஸ் ஸ்டேஷனா?” என்று கேட்டான்.

ஜெபக்கனி படியைப் பிடித்து ஏறினாள். வாய் வராததால், ‘ரெண்டும்தான்’ என்பதுபோல் இரண்டு விரலைக் காட்டினாள். முதலில் ஒன்று, அப்புறம் இன்னொன்று.